படிக்காசும் வாசியும்

திருத்தொண்டர் புராணத்தை முற்றும் ஓதியுணராது, அதன்கண் வரும் அற்புதங்களை மட்டும் பிரித்தெடுத்துப் பேசும் வழக்கம் நம்மனோர்பால் நாளுக்கு நாள் மிகுந்து வருகின்றது. அவற்றுள்ளும் பொருட்பேறு பற்றிய அற்புதங்களுக்கே செல்வாக்கு மிகுதி. திருவீழிமிழலையிற் படிக்காசு பெற்றதும், குண்டையூரில் நெல்மலை எழுந்ததும், திருக்கடவூரிற் கலயனார் மனை நிதியால் நிறைந்ததும் அறியாத சைவர் அரியர். ஆனால், கணமங்கலத்துத் தாயனார்க்குக் கொல்லைக் கீரையும் அற்றுப்போயிற்று என்பதையோ, திருவொற்றியூர்க் கலியனார்க்குக் கூலிவேலையும் கிட்டாது போயிற்று என்பதையோ நினைவிற் கொண்டார் மிகச் சிலரே. ஒரு நூலைப் பாதி மறைத்துப் பாதி காட்டினால், அந்நூல் கூறாத பொருளை அது கூறியதாகவே முடியும். ஆதலின், நாளைய வாழ்வு பற்றிய கவலையைக் குறித்துச் சேக்கிழார் பெருமான் கருதியது யாதென்னும் ஆராய்ச்சி, இவ்விரு திறத்து வரலாறுகளையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி முற்றுப்பெறாது.

இஃது புலவர் பொழுதுபோக்குக்குரிய ஆராய்ச்சி அன்று. அலுவல் பார்த்து மாத ஊதியம் பெற்று வாழ்வாருள், இவ்வேலை அடுத்த ஆண்டும் நிலைக்குமோ, ஆட்குறைப்பில் தம் பெயர் சேருமோ, கை ஓய்ந்த காலத்து யார் சோறிடுவார் என்று இரவெல்லாம் உறங்காது புரள்வார் இக்காலத்துப் பலர். அவருட் சைவராயினார் திருவீழிமிழலைப் படிக்காசுத் திருப்பதிகத்தை நாள்தோறும் ஓதுகின்றனர். ஓதுதல் நன்றே. ஓதியும் வேலை போய்விட்ட ஒருவர், "அரசுக்கும் பிள்ளையார்க்கும் காசு தந்த பெருமான் எனக்கு மட்டும் ஏன் தந்திலன்? என் அன்பு பொய்யோ, பதிகம் பொய்யோ?" என்று வினவின் அவர்க்கு யாது விடை கூறுவது? "நீர் ஓதிய முறை பிழைபட்டது" என்று கூறுவாரும் உளர். அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுதல் போலும். மற்றொரு சாரார், இத்தகைய வரலாறுகள் மக்களை மடியிற் கட்டிவைப்பன என்று எள்ளி நகையாடுவர். காசு வரும் என்று காத்திருப்பாரும், காசுக்குக் காத்திருக்கச் சொல்லும் நூல் என்று நகைப்பாரும் ஒரே பிழையுடையர். இருவரும் புராணத்தின் ஒரு பக்கத்தையே புரட்டினர்.

முதற்கண் படிக்காசு வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். மழை பொய்த்தது; ஆறுகள் நீரற்றன; உயிர்கள் உணவின்றி வாடின. அக்காலத்துத் திருஞானசம்பந்தப் பிள்ளையாரும் திருநாவுக்கரசரும் திருவீழிமிழலையில் எழுந்தருளியிருந்தனர். இருவர்க்கும் தம் பொருட்டு ஒரு கவலையும் பிறந்ததாகச் சேக்கிழார் கூறிற்றிலர். திருநீற்றைச் சார்ந்த அடியார்களுக்கும் கவலை வருவதோ என்னும் எண்ணமே அவர் திருவுள்ளத்து எழுந்தது என்பர். ஈண்டு இரண்டு சொற்கள் உற்று நோக்கற்பாலன. ஒன்று, அடியாரைக் குறித்த சொல்லின் ஈற்றில் நிற்கும் உம்மை. மற்றொன்று, கவலையைப் பற்றிய வினையின் ஈற்றில் நிற்கும் ஓகாரம்.

ஓகாரத்தை எதிர்மறையாகக் கொண்டு, "அடியார்க்குக் கவலை வாராது" என்பதே கருத்தென்பார் உளராகலாம். அங்ஙனமாயின் அஃது ஒரு துணிவாகும். துணிவு பிறந்தவிடத்து, அன்றிரவே இறைவன் கனவில் எழுந்தருளித் தேற்றவேண்டுவது என்னை? ஆதலின் அவ்வோகாரம் வினாப்பொருட்டாதலே பொருந்தும். எதிர்மறைச் சாயல் அவ்வினாவின் உள்ளே கிடக்கிறது எனின் அமையும். உம்மையோ, உலகத்தார்க்கு வந்த துன்பத்தைத் தழுவி நிற்பது. நீறணிந்தார் பசியில்லாத ஒரு தனியுலகத்து வாழ்பவர் அல்லர். மழை பொய்த்தால் அவர் வயிறும் காயும். இதனைச் சேக்கிழார் மறைக்க முயன்றிலர். சமயநூல் எழுதுவோர் பலர் வழுக்கும் இடம் இது. அன்பர்க்கு இடரே இல்லை என்று எழுதிவிட்டால் ஓதுவார்க்கு இனிக்கும். இடர்ப்பட்டார்க்கு அது பொய்யாகவே தோன்றும்.

இனி, கனவில் இறைவன் அருளிச்செய்த மொழியிலும் ஒரு வேறுபாடு காணப்படும். காலத்தின் வேறுபாட்டால் உங்கள் உள்ளம் வாடுவதில்லை எனினும், உங்களைச் சார்ந்து வழிபடுவார் பொருட்டுக் காசு தருகின்றோம் என்பதே அம்மொழியின் பிழிவு. ஆகவே படிக்காசு என்பது கவலைப்பட்டார்க்குக் கொடுத்த கைம்மாறும் அன்று. கவலைப்படாதார்க்குக் கொடுத்த பரிசிலும் அன்று. கவலைப்படாதார் கைவழியே கவலைப்படுவார்க்குச் செல்லும்படி கொடுத்த பொருள் அது. தம் வீட்டுப் பெட்டியில் காசு விழும்பொருட்டு அப்பதிகத்தை ஓதுவார் இவ்வொன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிள்ளையாரும் அரசும் பெற்ற காசில் அவர்க்கென்று எஞ்சியது ஒன்றும் இல்லை. நாள்தோறும் வந்தது; நாள்தோறும் அடியார் வயிற்றிற் சென்றது. படி என்னும் சொல் அன்றாட அளவைக் குறிப்பது. ஒரு திங்களுக்கோ ஓராண்டுக்கோ சேர்த்துவைக்கும் அளவினதாக அக்காசு வந்திலது. விண்ணிழி விமானத்தின் கிழக்கும் மேற்குமாகிய இரு பீடங்களில் நாளைக்கு ஒவ்வொன்றாகவே வைக்கப்பட்டது.

மற்றுமொன்று. வற்கடத்தால் வாடும் ஊரில் இறைவன் நேரே சோற்றை வைத்திருக்கலாம், நெல்லை வைத்திருக்கலாம். வைத்தது காசு. காசு என்பது உண்ணும் பொருள் அன்று. அதனைப் பீடத்திலிருந்து எடுத்துச் செல்ல ஒருவர் வேண்டும். கடைத்தெருவில் மாற்ற வேண்டும். அரிசியும் கறியும் கொள்ள வேண்டும். அடுப்பு மூட்டிச் சமைக்க வேண்டும். பறை சாற்றி அடியாரை அழைத்து இலையிட்டுப் பரிமாற வேண்டும். இத்தொடரில் இறைவன் தந்தது முதற்கண்ணி ஒன்றே. எஞ்சிய கண்ணிகள் யாவும் மக்கள் கைத்தொழிலால் ஆகவேண்டியன. இந்நூல் சோம்பலை வளர்ப்பது என்று நகைப்பார், திருமடத்து அமுதாக்குவார் விடியற்காலையிற் காசு கொண்டு கடைக்கு ஓடிய ஓட்டத்தைச் சேக்கிழார் வாக்கிற் காணாதவரே.

அவ்வோட்டத்திலேதான் வாசி என்னும் இடர்ப்பாடு தோன்றுகின்றது. காசின் மாற்றோ நிறையோ குறைந்தவிடத்து வணிகர் கேட்கும் கழிவே வாசி எனப்படும். திருநாவுக்கரசர் மடத்தில் அடியார் உரிய பொழுதில் அமுது செய்தனர். பிள்ளையார் மடத்திற் காலம் தாழ்த்தது. காரணம் யாதெனப் பிள்ளையார் வினவினார். அரசு பெறும் காசு வாசியின்றிச் செல்கின்றது. நமக்கு வரும் காசுக்கு வணிகர் வாசி கேட்கின்றனர். அதனாற் பண்டம் வாங்கக் காலம் தாழ்க்கின்றது என்று அமுதாக்குவார் விடை கூறினர். இறைவன் வைத்த காசு! அதனையும் வணிகன் கையில் வாங்கித் தட்டிப் பார்க்கின்றான், குறை சொல்கின்றான். சேக்கிழார் சோழப்பேரரசில், இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்து அமைச்சுரிமை பூண்டு நாட்டு வரவு செலவு அறிந்தவர் என்பது வரலாறு. அந்த அறிவு இவ்விடத்துப் பளிச்செனத் தோன்றுகின்றது. கடைத்தெருவைக் கண்ணாற் கண்டிராத புலவர் ஒருவர் இவ்வற்புதத்தைப் பாடியிருப்பின், தெய்வக்காசு என்றவுடனே வணிகர் விழுந்து வணங்கினர் என்று முடித்திருப்பர்.

ஒருவர்க்கு வாசியுள்ள காசும் மற்றவர்க்கு வாசியில்லாக் காசும் தந்தது என்னை? இதற்கு விடை புராணத்தின் இரண்டு இடங்களில் வருகின்றது. திருநாவுக்கரசர் புராணத்தில், பிள்ளையார் உமையம்மையாரின் ஞானப்பாலுண்ட திருமகனார் ஆதலின் வாசியோடு பெற்றார். அரசோ கைத்தொண்டு செய்யும் அடிமையாதலின் வாசியின்றிப் பெற்றார் என இருவர் திறமும் சேர்த்துக் காரணம் காட்டுகின்றார் சேக்கிழார். பிள்ளையார் புராணத்தில், அரசின் கைத்தொண்டே அதற்குக் காரணம் எனப் பிள்ளையார் தாமே உணர்ந்ததாகக் கூறுவர். இரண்டும் ஒன்றேயென்று விரைந்து கடந்து செல்வாரே மிகுதி. ஆயினும் வேறுபாடு உண்டு. முன்னையது கவியின் கூற்று. பின்னையது பிள்ளையார் திருவுள்ளத்து எழுந்தது. தாம் மகன் என்னும் உரிமையைப் பிள்ளையார் நினைவிலும் எடுத்திலர். மற்றவர் உழைப்பையே நினைந்தார். ஒரே செய்தியை இருவர் வாயில் வைக்கும்போது எவ்வளவு கூறவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்பதைச் சேக்கிழார் எத்துணை நுண்ணிதின் அறிந்திருந்தனர் என்பது இதனாற் போதரும்.

அற்றேல், அரசு பெற்றது கூலியோ எனின், அன்று. உழவாரத்தைக் காசுக்காக அவர் ஏந்தினார் என்று கூற நாக்கூசும். திருவீதிப் புல்லைச் செதுக்கும் தொண்டு பஞ்சத்துக்கு முன்பும் நடந்தது, பின்பும் நடந்தது, காசு நின்றவுடன் உழவாரம் நின்றிலது. எனினும் இறைவன் அக்காசைக் கொடுத்த முறை மட்டும் கூலிமுறையை ஒத்திருக்கின்றது. வேலையாளுக்குக் கூலியைக் குறையின்றிக் கொடுத்தல் உடையானுக்கு முறைமை. மகனுக்குக் கொடுப்பதிற் சிறிது குறைந்தாலும் தாழ்த்தாலும் பழுதில்லை. அவன் மனையில் அவனுக்கு யாவும் உள. உழைப்பார் கையிற் குறைந்த காசு விழலாகாது என்னும் நீதியை இறைவன்மேல் ஏற்றிக் காட்டியது இவ்விடம். ஊழியர்க்கு ஊதியத்தைக் காலம் தாழ்த்தும் செல்வர்கள் திருநாவுக்கரசர் புராணத்தைப் பட்டுத்துணியிற் பொதிந்து பூசையறையில் வைத்திருப்பதும் உண்டு. அது நிற்க.

பிள்ளையார் பாடிய பதிகம் முதல் திருமுறையில் 92-ஆவதாக உள்ளது, திருவிருக்குக்குறள் என்னும் யாப்பினது, பண் குறிஞ்சி. அடிகள் மிகக் குறுகியன. நீண்ட முகவுரையோ தம் பசி கூறும் புலம்பலோ அதில் இல்லை. காசு வேண்டும் என்பதும் அன்று அவர் வேண்டுகோள்; காசு முன்னமே வந்துகொண்டிருந்தது. அதன்கண் உள்ள வாசி தீரவேண்டும் என்பதே வேண்டுகோள். வாசி தீரவேண்டியதும் அடியார் பசி பொழுதோடு தீர்தற்பொருட்டே. வறுமை நீங்கும் மந்திரமாக அதனை ஓதுவாரை இகழ்தல் நம் கருத்தன்று. இடுக்கண் வந்துழி ஆண்டவனை அழையாது வேறு யாரை அழைப்பது? அப்பதிகம் பிறந்த இடத்தைத் தெரிந்துகொண்டு ஓதினால், ஓதுவார் நெஞ்சம் தம் பெட்டியை விட்டுச் சற்று வெளியே வரும்.

புகழ்த்துணை நாயனார் வரலாறு இதனோடு வைத்து எண்ணத்தக்கது. பஞ்சத்திலும் ஊரைவிட்டு நீங்காது வழிபாடு செய்த ஆதிசைவர் அவர். பசியால் உடல் தளர்ந்து, ஏந்திய திருமஞ்சனக் குடம் கைநழுவிப் பெருமான் திருமுடிமேல் வீழ, தாமும் வீழ்ந்தனர். அவர்க்கும் பஞ்சம் நீங்குமளவும் நாள்தோறும் ஒரு காசு பீடத்தில் வைக்கப்பெற்றது. சேக்கிழார் இதனைச் சில பாட்டுக்களிற் கூறிமுடிக்கின்றனர். காசு எப்போது வந்தது என்பதே ஈண்டுக் கருதற்பாலது. பசி தோன்றியவுடன் வந்திலது. கைவலி அற்றுக் குடம் வீழும்வரை வந்திலது. வந்த பின்னும் அவர் பணி மாறிலது. உள்ளம் அசையாதவர்க்கும் உடல் அசையும் என்பதை மறைக்காது கூறியதே இப்புராணத்தின் அருமை.

குண்டையூர்க் கிழார் செய்தி வேறுவகையது. திருவாரூரில் ஆளுடைய நம்பிக்கு நெல்லும் பருப்பும் பிறவும் தவறாது அனுப்பிவந்த வேளாளர் அவர். விளைவு குன்றவே, அனுப்ப ஒன்றும் இல்லாமையால் அன்றிரவு உண்ணாது துயின்றனர். கவலையே கூடாது என்பது சைவத்தின் கொள்கையாயின், சேக்கிழார் இவரைக் கடிந்திருத்தல் வேண்டும். கடிந்திலர், மாறாக, அக்கவலையின் பொருட்டே நெல்மலை எழுந்ததாகக் கூறுகின்றனர். அவர் வருந்தியது தம் குதிர் வெறுமையானதற்கு அன்று. நம்பியின் மனைக்குப் படி தவறுகின்றதே என்பதற்கு. ஆகவே கவலையை அறவே ஒழிக்கச் சேக்கிழார் கற்பிக்கின்றார் எனல் பொருந்தாது. கவலை எதன்மேற் செல்கின்றது என்பதையே அவர் நோக்குவர். அந்நெல்லும் ஊரார் எடுக்க இயலாத மலையாகவே நின்றது. அதனை எடுத்துவர ஆள் வேண்டித் திருக்கோளிலியில் நம்பி பாட, பூதகணங்கள் கொண்டுவந்து திருவாரூர் வீதிகளிற் பெய்தன. பரவையார் தம் மனை நிறைத்துக்கொண்டு கதவடைத்திலர். அவரவர் மனையெல்லைக்குள் கிடந்த நெல்லை அவரவரே எடுத்துக்கொள்க எனப் பறையறைவித்தனர்.

இதுகாறும் கூறியவை பொருள் வந்த வரலாறுகள். இனிப் பொருள் வாராத வரலாறுகளை நோக்குவோம். இவையே பெரும்பாலும் மறக்கப்படுவன.

இளையான்குடி மாறனார் அடியார்க்கு அமுதளித்து வந்த செல்வ வேளாளர். செல்வக்காலத்தில் மட்டும் அன்றி வறுமையிலும் இவர் வல்லவர் என்பதை உலகுக்கு உணர்த்த இறைவனே அச்செல்வத்தைச் சுருங்கச் செய்தான் என்பது புராணம். உள்ளன விற்றார், கடன் கொண்டார், தம்மையே விற்றாலன்றித் தீராத கடனும் கொண்டார். ஒரு மழையிரவில் அடியார் ஒருவர் வர, மனையில் ஒன்றும் இல்லை. அன்று பகல் வயலில் விதைத்த நெல் முளையை வாரிவந்தால் ஆம் என மனைவியார் மொழிந்தனர். உழவர்க்கு விதைநெல் என்பது யாது? அஃது அடுத்த ஆண்டு உணவு. கடன் அடைக்கும் வழி. நாளை என்பதன் வடிவமே அது. மாறனார் கூடை கவித்துக்கொண்டு இருளிற் சென்று தம் நாளையைத் தாமே வாரி வந்தனர். கொல்லைப் புறத்தில் முற்றாத கீரையைப் பறித்துக் கறி ஆக்கினர். இவர்க்கு முடிவிற் கிடைத்தது யாது? வயல் மீண்டும் விளைந்தது என்று சேக்கிழார் கூறிலர். தம் உலகம் எய்தி, குபேரன் ஏவல் கேட்ப இருக்குமாறே இறைவன் அருளினான். இவ்வுலகத்துப் பத்தாயத்தில் ஒரு மணி நெல்லும் ஏறிற்றிலது.

அரிவாட்டாயர் வரலாறு இதனினும் கடியது. செல்வம் போய்க் கூலிக்கு நெல்லறுக்கப் புகுந்த தாயனார், கூலியாக வரும் செந்நெல்லை இறைவன் திருவமுதுக்கும், கார்நெல்லைத் தம் குடும்பத்துக்கும் வகுத்துக்கொண்டனர். இறைவன் செய்தது என்னை? வயல்கள் எல்லாம் செந்நெல்லாகவே விளையச் செய்தனன்! தாயனார்க்கு உண்ணக் கார்நெல் இல்லாது போயிற்று. அவரோ, இறைவனுக்கு மிகுதியாக அளிக்கும் பேறு வந்ததென்று மகிழ்ந்தனர். மனைவியார் கொல்லைக் கீரை சமைத்தனர், அதுவும் அற்றது, தண்ணீர் வார்த்தனர். படிக்காசு கொடுத்த அதே இறைவன் ஈண்டுப் படியை நிறுத்துகின்றனன். இவ்விரண்டையும் ஒரே புலவர் ஒரே நூலில் வைத்திருத்தலை மறவற்க.

கலியனார் வரலாற்றை இக்காலத்து வேலை வேண்டி அலைவார் ஒருவர் ஓதினால், தம் கதையே எனத் திடுக்கிடுவர். திருவொற்றியூரிற் செக்கர் குடியிற் பிறந்து, செல்வராய், திருக்கோயிலுக்கு இரவும் பகலும் விளக்கெரித்து வந்தவர் அவர். செல்வம் அழிந்தபின் முதலில் தம் மரபினரிடம் எண்ணெய் வாங்கி விற்று, அதில் வரும் கூலியால் விளக்கேற்றினர். அவர்கள் எண்ணெய் கொடுக்க மறுத்தனர். பின்பு செக்கோடும் இடத்திற் கூலியாளாயினர். முன்னர்ச் செக்குகளுக்கு உடையவராயிருந்தவர் பிறர் செக்கில் எள்ளாட்டினர். அதுவும் நின்றது. ஏன் நின்றது? அவர் உழையாமையால் அன்று. தொழில் அறியாமையால் அன்று. அவ்வேலை செய்வார் பலராகிவிட்டமையாற் கூலி கிட்டாது போயிற்று என்பது சேக்கிழார் காட்டும் காரணம். 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த பத்திநூல் ஒன்றில், ஆள் மிகுதியால் வேலை முட்டுப்படும் நிலை இத்துணைத் தெளிவாகக் கூறப்பட்டிருத்தல் வியப்பிற்குரியது. சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத் தொகையில் இவரைப் பெயரளவிற் சுட்டியதன்றி வேறு கூறிலர். அவ்வொரு பெயரை விரித்த சேக்கிழார், தொழிலாளி ஒருவன் ஒவ்வொரு படியாகக் கீழிறங்கும் துயரத்தைக் கூட்டாது குறையாது தீட்டியுள்ளார். சிறுவர்க்கெனச் சுருக்கி எழுதப்படும் கதைகளில் இப்படிகளை எல்லாம் விட்டுவிட்டு, வறுமை வந்தது, உடனே கழுத்தை அரியப் புகுந்தார் என்று முடித்துவிடுகின்றனர். அதனாற் கலியனார் வெறும் அஞ்சத்தக்க மனிதராகத் தோன்றுகின்றார். புராணத்திலோ, வேலை தேடித்தேடி எல்லாக் கதவும் அடைபட்ட ஒருவராக, நம் தெருவில் நாளும் காணும் முகத்தோடு நிற்கின்றார்.

அவர் மனை விற்றார், பண்டங்கள் விற்றார், மனைவியாரை விற்கவும் முற்பட்டார், கொள்வார் இல்லை. இச்செயலை இக்காலத்தார் மனம் ஏலாது, ஏலாமையே முறை. நாயன்மார் செயல்கள் யாவும் பின்பற்றற்கென எழுந்தன அல்ல. அன்பின் அளவைக் காட்ட எழுந்தன பல. விளக்கில் எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியையே பெய்யத் துணிந்தவர் கையை இறைவன் பற்றினன். ஆயின் அவர்க்கு மீண்டும் செக்கு வந்தது, செல்வம் வந்தது என்று நூல் கூறிற்றோ? இல்லை. அதிபத்தர்க்கும் இஃதே முடிவு. நாகப்பட்டினத்துக் கடலில் வலைவீசி, முதல் மீனை இறைவனுக்கென விடும் நியமம் பூண்ட அவர்க்கு, ஒரே மீன் மட்டும் அகப்படும் நாள்கள் தொடர்ந்து வந்தன. சுற்றத்தார் பசித்திருந்தனர். இறுதியிற் பொன்னும் மணியுமாகிய மீன் ஒன்று அகப்பட்டது. உலகியலார் இதனைத் தெய்வம் கொடுத்த படி என்றே கொள்வர். அதிபத்தர் அதனையும் கடலில் விட்டனர்.

இனிச் சித்தாந்தம் இதற்குக் கூறும் அமைதி யாது? பேறும் இழவும், இன்பமும் பிணியும், மூப்பும் சாக்காடும் ஆகிய ஆறும் முன்வினைக்கேற்பக் கருவிலேயே அமைந்தன என்று 13-ஆம் நூற்றாண்டினதாகிய சிவஞான சித்தியார் கூறும். அங்ஙனமாயின் முயற்சி எதற்கு எனின், வருவது பிராரத்தம். அதனை நுகருங்கால் செய்யும் செயல் ஆகாமியமாக ஏறும். வேலை போதல் பிராரத்தமாகலாம். போனபின் பொய் சொல்லுதலும், பிறன் வாயிற் சோற்றைப் பறித்தலும், அல்லது நேர்மையாய் மீண்டும் வேலை தேடுதலும் அவன் செயல். கலியனார் செக்கடிக்குக் கூலியாளாகச் சென்றது அவர் செயல். கூலி கிட்டாதது அவர் செயல் அன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாமையாலேயே, வேலை இழந்தாரை ஊரார் குற்றவாளிபோல நோக்குகின்றனர். அவரும் தம்மை அங்ஙனமே நோக்கிக் குன்றுகின்றனர்.

பதிகம் ஓதியும் பயன் பெறாதவர் வினாவுக்கு விடை இப்போது தோன்றும். காசு பெற்றவரும் பெறாதவரும் அறுபத்து மூவர் வரிசையில் ஒருங்கே நிற்கின்றனர். புகழ்த்துணையார்க்குக் காசு வந்ததனால் அவர் அன்பு உயர்ந்ததென்றோ, தாயனார்க்குக் கீரையும் அற்றதனால் அவர் அன்பு தாழ்ந்ததென்றோ கூற எந்தச் சைவன் துணிவன்? ஆகவே பொருள் வருதலும் வாராமையும் அன்பின் அளவுகோல் ஆகா. இருவினையொப்பு என்று நூல்கள் கூறும் நிலையின் நிழல் இது. இழப்பிலும் பேற்றிலும் ஒரே உள்ளத்தோடு இறைபணியில் நிற்றலே, நாளையை இறைவன்பால் வைத்தல் என்பதன் பொருள். இன்ன நாளில் இவ்வளவு தருவான் என்று கணக்கெழுதி வைத்திருத்தல் நம்பிக்கை அன்று, அது கடன்பத்திரம்.

எதிர்ப்பார் ஒன்று கூறலாம்: குங்குலியக்கலயர்க்கு மனை நிறையச் செல்வம் வந்ததன்றோ என்பர். வந்தது உண்மை. வந்த வகையை நோக்குக. மனைவியார் மங்கலநாணைக் கழற்றி நெல் வாங்கக் கொடுக்க, வழியிற் குங்குலியப் பொதி கண்டு, அதனைக் கொடுத்துப் பொதியை வாங்கிக் கோயில் புகுந்து, வீட்டில் பசித்திருக்கும் மக்களை மறந்தார் அவர். இங்கே சேக்கிழார் நூலின் ஒரு மென்மை உளது. கணவர் மறந்தவரை இறைவன் மறந்திலன். கனவில் முதலிற் செய்தி கூறியது கலயனார்க்கு அன்று. பசியோடு தரையில் துயின்ற மனைவியார்க்கு. பின்னரே கோயிலில் இருந்த கலயனாரை நோக்கி, மனைக்குச் சென்று உண்க எனக் கட்டளை பிறந்தது. தொண்டில் மூழ்கிய ஒருவரைத் தன் வாயாலேயே வீட்டிற்கு அனுப்பும் இறைவனை ஈண்டுக் காண்கின்றோம். வீட்டைப் பட்டினியிட்டுவிட்டுக் கோயில் தூணிற் சாய்ந்திருப்பதே பத்தி என்று எண்ணுவார்க்கு இப்பகுதி உகந்ததன்று. வந்த செல்வம் அடியார்க்கு அமுதாயிற்று. குங்குலியப் பணியும் முன்போலவே நடந்தது.

திருவாரூர் மாவட்டத்துத் திருவீழிமிழலைத் திருக்கோயிலில் படிக்காசுப் பீடங்கள் இன்றும் காட்டப்படுகின்றன. அவற்றை வணங்குவார் பெரும்பாலும் காசு வந்ததையே நினைந்து வணங்குவர். புராணம் அவ்வரலாற்றை முடிக்கும் இடம் பீடம் அன்று, கடைத்தெருவும் அடுக்களையும். பிள்ளையார் பாடிய பின் வந்த காசை அமுதாக்குவார் எடுத்துச் சென்றனர். வணிகர் அதனை வாங்கி நோக்கி, நல்ல காசென மகிழ்ந்து வேண்டிய பண்டங்களைக் கொடுத்தனர். அன்று முதல் பிள்ளையார் மடத்தும் உச்சிப்பொழுது தவறாது அடியார்க்கு இலை இடப்பட்டது.